ஹாக்ஸன் புதையலும் தொலைந்த மோதிரமும்: காசுக்கும் தங்க நகைக்கும் எந்த மெட்டல் டிடெக்டர்?

1992 நவம்பர் 16. இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் மாவட்டத்தில், ஹாக்ஸன் கிராமத்துக்குத் தென்மேற்கே ஒரு வயல். குத்தகை விவசாயி பீட்டர் வாட்லிங் அங்கே தன் சுத்தியலைத் தொலைத்திருந்தார். அதைத் தேடித்தர நண்பர் எரிக் லாஸ் வந்தார். லாஸ் ஓய்வுபெற்ற தோட்டக்காரர். பணி ஓய்வின்போது பரிசாக வந்த மெட்டல் டிடெக்டர் அவர் கையில் இருந்தது. சுத்தியலைத் தேடிப் போன இடத்தில் கருவி பலமாகச் சத்தம் கொடுத்தது. தோண்டினால் வெள்ளிக் கரண்டிகளும் தங்க நகைகளும் அள்ள அள்ளக் காசுகளும் வந்தன.

பிறகு முழுவதையும் எண்ணியபோது 14,865 ரோமானியக் காசுகள் இருந்தன. அவற்றில் 569 தங்கம், 14,272 வெள்ளி, 24 வெண்கலம். வெள்ளிப் பாத்திரங்களும் தங்க நகைகளும் சேர்த்துச் சுமார் 200 பொருள்கள் தனியாக. தங்கம் மட்டும் ஏறக்குறைய மூன்றரைக் கிலோ, வெள்ளி கிட்டத்தட்ட 24 கிலோ. ரோமப் பேரரசின் கடைசிக் காலத்துப் பொன்னும் வெள்ளியும் பிரிட்டனில் இவ்வளவு பெரிதாக வேறெங்கும் ஒரே இடத்தில் கிடைத்ததில்லை.

இந்த நிகழ்வை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. டிடெக்டர் வாங்க நினைக்கிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “காசும் கிடைக்கணும், தங்க நகையும் கிடைக்கணும், எது நல்ல மெஷின்?” ஹாக்ஸனில் இரண்டும் ஒரே குழியில் கிடந்தன. அந்தக் குழியில் கருவிக்கு எது எளிதாகத் தெரிந்தது, எது தனியாகக் கிடந்திருந்தால் தெரியாமலே போயிருக்கும் என்று பிரித்துப் பார்த்தால், வாங்க வேண்டியது எது என்பது பெருமளவு தெளிந்துவிடும்.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கருவிக்குக் காசு எளிது, காசுக் குவியல் அதைவிட எளிது. தனியாகக் கிடக்கும் சிறிய தங்க நகைதான் கடினம். ஆகவே தங்கத்தை மனதில் வைத்துக் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படி எடுத்த கருவியில் காசு தானாக வரும். காசுக்கென்று எடுத்த கருவியில் தங்கம் வரும் என்று சொல்ல முடியாது.

குழிக்குள் கருவி பார்த்தது என்ன?

அது ஓக் மரப்பெட்டி, சுமார் 60 செ.மீ. நீளம், 45 அகலம், 30 உயரம். மரம் எப்போதோ மக்கிப்போய்விட்டது. காசுகளில் கடைசியாக அச்சானவை கி.பி. 407, 408-ஐச் சேர்ந்தவை. ரோமானிய ஆட்சி பிரிட்டனைக் கைவிட்டுக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. நிலைமை சரியானதும் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு குடும்பம் புதைத்திருக்க வேண்டும். யாரும் திரும்பி வரவில்லை.

டிடெக்டரின் அடியில் இருக்கும் வட்டமான ‘காயில்’ (கம்பிச்சுருள்), மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் ஒன்றை மண்ணுக்குள் அனுப்புகிறது. உலோகம் எதிர்ப்பட்டால் அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகும். அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சிறிய காந்தப்புலத்தை உண்டாக்கும், காயில் அதைப் பிடித்துச் சத்தமாக்கும். தங்கம், வெள்ளி என்று கருவிக்கு எதுவும் தெரியாது. சுழல் மின்னோட்டம் எவ்வளவு பலமாக ஓடுகிறது, எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். அது பொருளின் அளவு, தடிமன், வடிவம், உலோகத்தின் கடத்துத்திறன் எல்லாம் சேர்ந்து வருவது.

பதினான்காயிரம் வெள்ளிக் காசுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் கருவிக்கு அது ஏதோ பெரிய உலோகப் பாளம். அதோடு, உலோகங்களிலேயே மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளிதான். அந்த இடத்தில் எந்தக் கருவியைக் கொண்டுபோயிருந்தாலும் கத்தியிருக்கும் என்பதுதான் என் எண்ணம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லாஸ் தேடியது இரும்புச் சுத்தியல். இரும்பைத் தேடுகிறவர் இரும்பை ஒதுக்கித்தள்ளும் வசதியைப் போட்டுக்கொண்டு நடந்திருக்கமாட்டார். எது கத்தினாலும் நின்று பார்க்கும் மனநிலையில்தான் இருந்திருப்பார். இது ஊகம்தான், ஆனாலும் நியாயமான ஊகம். தங்கம் தேடுகிறவருக்கு இந்த மனநிலை எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது மாற்றி யோசித்துப் பாருங்கள். அந்தப் பெட்டியில் 29 தங்க நகைகள் இருந்தன: 19 கைவளைகள், 6 கழுத்தணிகள், 3 மோதிரங்கள், தோளிலிருந்து மார்பின் குறுக்கே இறங்கி முதுகுப் பக்கம் சேரும் உடற்சங்கிலி ஒன்று. ஒரு வளையில் ‘ஜூலியானா அம்மையே, மகிழ்ச்சியோடு அணிந்துகொள்க’ என்ற பொருளில் லத்தீன் வாசகம் வெட்டப்பட்டிருக்கிறது. இவற்றில் ஒரே ஒரு மோதிரம் மட்டும் அந்த வயலில் 25 செ.மீ. ஆழத்தில் கிடந்திருந்தால்? பல கருவிகள் அதன் மேலேயே போய்விட்டு ஒன்றும் சொல்லாமல் வந்திருக்கும்.

காரணம் எளிய கணக்கு. காயில் அனுப்பும் புலம், காயிலின் அகலத்தைத் தாண்டிய தூரத்தில் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. உலோகத்திலிருந்து திரும்பி வரும் புலமும் அதே மாதிரி குறைகிறது. இரண்டும் சேர்ந்தால் ஆறுமடி. ஆழம் இரண்டு மடங்கானால் சிக்னல் 64-இல் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் விலை மூன்று மடங்கு உள்ள கருவி மூன்று மடங்கு ஆழம் போகாது. நல்ல மண்ணில் தனி நாணயம் ஒன்றை 20, 25 செ.மீ. வரை எடுத்தால் அது நல்ல கருவி. ஒற்றைக்கல் மூக்குத்தி சில சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தாலே கண்டுபிடிப்பது பெரிய விஷயம்.

இந்தக் கணக்கு தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம். இரண்டு ஆன்டெனாக் கம்பிகள் நீட்டிய ஒரு பெட்டியைக் காட்டி, அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள தங்கத்தைக் காட்டும் என்று விற்கிறார்கள். இயற்பியலில் அதற்கு இடமே இல்லை. இதே வகையைச் சேர்ந்ததுதான், வெடிகுண்டைக் கண்டுபிடிக்கும் என்று விற்ற ஏ.டி.இ. 651 என்ற பொய்க் கருவி. கோல்ஃப் பந்து தேடித்தரும் என்று விற்ற ஒரு விளையாட்டுச் சாமான்தான் அதன் மூலம். ஈராக்குக்கு அதை ஆயிரக்கணக்கில் விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-இல் லண்டன் நீதிமன்றம் பத்தாண்டு சிறை விதித்தது. அதை நம்பிச் சோதனைச் சாவடிகளில் நின்றவர்களை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. தங்கத்தின் பேரில் அதே ஏமாற்று இன்றும் நடக்கிறது. தயவுசெய்து வாங்காதீர்கள்.

ஸ்டஃபோர்ட்ஷயர் சொல்லும் இன்னொரு பாடம்

ஹாக்ஸனை மட்டும் பார்த்தால் “எந்தக் கருவியும் போதும்” என்று தோன்றும். அதைச் சரிசெய்ய இன்னொரு புதையலைப் பக்கத்தில் வைக்க வேண்டும். 2009 ஜூலை 5-ஆம் தேதி ஸ்டஃபோர்ட்ஷயரில் ஹாமர்விச் ஊருக்குப் பக்கத்து வயலில் டெரி ஹெர்பர்ட், ரோமானியருக்குப் பிந்தைய ஆங்கிலோ-சாக்சன் காலத் தங்கத்தை டிடெக்டரால் கண்டுபிடித்தார். ஐந்து நாளில் 244 பைகள் நிரம்பின. அப்புறம் தொல்லியலாளர்கள் வந்து வயலை முறையாகத் தோண்டி, டிடெக்டரால் சலித்தார்கள். மதிப்பு 32 லட்சத்து 85 ஆயிரம் பவுண்டு என்று தீர்மானிக்கப்பட்டது.

இந்தத் தங்கம் குவியலாக இல்லை. வாள் பிடிகளிலிருந்து பிய்த்தெடுத்த தகடுகள், செம்மணிக்கல் பதித்த துண்டுகள், நசுங்கிய பட்டைகள் எல்லாம் உழவில் சிதறிக் கிடந்தன. மொத்தம் சுமார் 4,600 துண்டுகள், பல நகத்தளவுதான். தொல்லியலாளர்கள் வேலையை முடித்துப்போன அதே வயலை 2012 நவம்பரில் உழுதபோது மறுபடி தேடினார்கள். இன்னும் 91 பொருள்கள் வந்தன, அவற்றில் 81 அதே புதையலைச் சேர்ந்தவை என்று உறுதியானது. தொழில் தெரிந்தவர்கள் நல்ல கருவிகளோடு அந்த நிலத்தை ஏற்கெனவே பார்த்திருந்தும், சிறிய தங்கம் மண்ணுக்குள் தங்கிவிட்டது. ஏர் மேலே கொண்டுவந்த பிறகுதான் கிடைத்தது.

தங்க நகை தேடுகிறவருக்கு ஸ்டஃபோர்ட்ஷயர்தான் நெருக்கமான உதாரணம். பூங்காவிலோ கடற்கரையிலோ தொலைந்த கம்மலும் சங்கிலியும் ஹாக்ஸன் பெட்டிபோல் கிடப்பதில்லை.

தங்கம் ஏன் நழுவுகிறது?

சுத்தத் தங்கம் நல்ல கடத்தி. வெள்ளி, செம்புக்கு அடுத்த இடம் அதற்கு. ஆனால் பெரும்பாலான நகைகள் சுத்தத் தங்கத்தில் செய்யப்படுவதில்லை. செம்பும் வெள்ளியும் கலந்ததும் கடத்துத்திறன் பல மடங்கு விழுந்துவிடுகிறது. நிக்கலோ பல்லேடியமோ சேர்த்த வெள்ளைத் தங்கத்தில் இன்னும் விழும். இங்கிலாந்தில் கடைகளில் நிறைய விற்பது 9 காரட், அதாவது ஆயிரத்தில் 375 பங்கு மட்டுமே தங்கம். நம் வீடுகளில் இருப்பது 916. ஒரே எடை, ஒரே வடிவம் என்றாலும் 916 வளையலும் 9 காரட் வளையலும் கருவியின் திரையில், சிக்னலைக் குறிக்கும் வேறு வேறு எண்ணாகத் தெரியும். தங்கத்துக்கென்று ஒரு எண் கிடையாது. “தங்கம் இத்தனையில் வரும்” என்று யாராவது சொன்னால் அவர் ஒரே ஒரு மோதிரத்தை வைத்துச் சோதித்திருக்கிறார் என்று அர்த்தம்.

வடிவம் இதைவிட முக்கியம். முழு வளையமாக இருக்கும் வளையலும் மோதிரமும் கருவிக்கு நன்றாகத் தெரியும், மின்னோட்டம் சுற்றி ஓட வழி இருக்கிறது. அதே மோதிரம் ஒரு இடத்தில் வெட்டுப்பட்டிருந்தால் சிக்னல் சட்டென்று குறைந்துவிடும். எல்லாவற்றிலும் மோசம் மெல்லிய சங்கிலி. கண்ணிக்குக் கண்ணி தொடர்பு சரியாக இருப்பதில்லை, அதனால் கருவி பார்ப்பது ஒரு சங்கிலியை அல்ல, அரிசியளவு வளையங்கள் பலவற்றை. எட்டுக் கிராம் சங்கிலியைவிட ஒரு கிராம் மோதிரம் அதிகச் சத்தம் கொடுக்கும். தாலிக்கொடி தொலைந்து தேடும்போது முதலில் சத்தம் போடுவது கொடி அல்ல, அதில் கோத்த திருமாங்கல்யமும் காசும் குண்டும்தான். வெறும் சங்கிலியானால் கொக்கியை நம்பித்தான் தேட வேண்டும். ஹாக்ஸன் உடற்சங்கிலியிலும் நுணுக்கமாகப் பின்னிய சங்கிலிகள் நான்கு. ஆனால் முன்பக்கம் செவ்வந்திக்கல் பதித்த பெரிய கொக்கியும், பின்பக்கம் கிரேஷியன் பேரரசரின் பொற்காசு பதித்த பதக்கமும் இருக்கின்றன. தனியாகக் கிடந்திருந்தால் அந்த இரண்டும்தான் காட்டிக்கொடுத்திருக்கும்.

இதிலிருந்து அலைவெண் விஷயத்துக்கு வரலாம். கடையில் கிடைக்கும் பெரும்பாலான கருவிகள் வி.எல்.எஃப். (மிகக் குறைந்த அலைவெண்) வகை. ஒரு நொடிக்குச் சில ஆயிரம் தடவை முதல் பல பத்தாயிரம் தடவை வரை புலத்தை மாற்றுகின்றன. 4 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள கருவிகள் தடித்த வெள்ளிக் காசு, செம்புக் காசு ஆகியவற்றுக்கு நல்லவை. காரெட் ஏஸ் 250 என்ற பிரபலமான கருவி 6.5 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது. காசு தேடப் பழகுவதற்கு அருமையான கருவி, மெல்லிய தங்கத்துக்கு அதைப் பரிந்துரைக்கமாட்டேன். 15 முதல் 20 கிலோஹெர்ட்ஸ் போனால் மோதிரம், கம்மல் வகைகள் நன்றாக எழும்பும், காசும் விட்டுப்போகாது. 40-க்கு மேல் போனால் குண்டூசித் தலையளவு தங்கமும் கேட்கும். மைன்லேப் கோல்ட் மான்ஸ்டர் 1000 என்பது 45 கிலோஹெர்ட்ஸ், ஃபிஷர் கோல்ட் பக் 2 என்பது 71. இவை ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் ஓடைக் கரைகளில் இயற்கைத் தங்கம் தேடுகிறவர்களுக்கானவை. பெயரில் ‘கோல்ட்’ இருக்கிறதே என்று நகை தேட வாங்கினால் பூங்காவில் ஒவ்வொரு சிகரெட் பெட்டித் தகடுக்கும் குனிந்து எழ வேண்டும்.

ஒரே நேரத்தில் பல அலைவெண்களில் வேலை செய்யும் கருவிகள்தான் இந்தக் குழப்பத்துக்கு நல்ல விடை. முன்பு அவை விலையுயர்ந்த சில மாடல்களில் மட்டும் இருந்தன. 2018-இல் மைன்லேப் ஈக்வினாக்ஸ் வந்த பிறகு நடுத்தர விலைக்கு இறங்கின. 2022-இல் நோக்டா லெஜண்ட் அதே விலை வட்டத்தில் போட்டிக்கு வந்தது.

ஒதுக்கிவைக்கும் பட்டன்

இதுதான் நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது. ஏறக்குறைய எல்லாக் கருவிகளிலும் டிஸ்கிரிமினேஷன் வசதி உண்டு. குப்பை என்று கருவி நினைப்பதைச் சத்தம் போடாமல் ஒதுக்கிவிடும். இரும்பு ஆணிகள் நிறைந்த இடத்தில் அது கடவுள் மாதிரி. ஆனால் அலுமினியத் தகட்டையும், குளிர்பானக் கேனைத் திறக்கும் வளையத்தையும் ஒதுக்கச் சொன்னீர்கள் என்றால் தங்கத்தையும் ஒதுக்கச் சொன்னதாக ஆகிவிடும். சிறிய கம்மலும் மெல்லிய சங்கிலியும் தகடு வரும் எண்ணிலேயே வருகின்றன. பெண்கள் அணியும் மோதிரங்களில் பெரும்பகுதி கேன் வளையத்தின் எண்ணிலேயே வருகிறது. இரண்டையும் கருவியால் பிரிக்க முடியாது, எவ்வளவு விலை கொடுத்தாலும் சரி.

பல கருவிகளில் ‘காயின்’ என்று ஒரு மோடு இருக்கும். அதைப் போட்டால் தகடும் கேன் வளையமும் மௌனமாகிவிடும், தேடல் சுகமாக இருக்கும், காசு நிறைய வரும். தங்கம் வராது. வருஷக்கணக்கில் தேடியும் ஒரு மோதிரம்கூடக் கிடைக்கவில்லை என்று சொல்பவரிடம் நான் முதலில் கேட்பது எந்த மோடில் தேடுகிறார் என்பதைத்தான். தங்கம் வேண்டுமென்றால் இரும்பை மட்டும் ஒதுக்கிவிட்டு, மீதி எல்லாவற்றையும் தோண்ட வேண்டும். குப்பையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனால் அந்த இடம் அடுத்த முறைக்குச் சுத்தமாகவும் இருக்கும்.

காசு விஷயத்தில் ஒரு முக்கியமான மாற்றம் நடந்திருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. பிரிட்டனில் 1992 முதல் ஒரு பென்னி, இரண்டு பென்னிக் காசுகள் செம்பு பூசிய எஃகு. 2012 முதல் ஐந்து, பத்துப் பென்னிகளும் நிக்கல் பூசிய எஃகுதான். இந்தியாவில் இப்போது புழங்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகள் காந்தத்தில் ஒட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கங்கைக் கரையில் கயிற்றில் காந்தம் கட்டி வீசிக் காசு எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள், அது சாத்தியமாவது இதனால்தான். இரும்பை ஒதுக்கும் கருவி இந்தப் புதுக் காசுகளில் பலவற்றை ஆணி என்று நினைத்துத் தாண்டிவிடும். அதனால் இழப்பு ஒன்றும் பெரிதில்லை. மதிப்புள்ள பழைய செம்பும் வெள்ளியும் பொன்னும் அப்படித் தப்பாது. ஹாக்ஸனில் கிடைத்த பொற்காசுகள் கிட்டத்தட்டச் சுத்தத் தங்கம், நாலரைக் கிராம் எடை. வெள்ளிக் காசுகள் ஏறத்தாழ எல்லாமே ஓரம் கத்தரிக்கப்பட்டவை. அந்த வெள்ளியை வைத்துக் கள்ளக் காசு அடித்திருக்கிறார்கள். அப்படிச் சிறுத்துப்போன காசுகூட, தனியாகக் கிடந்தாலும், ஒரு சாதாரண கருவியில் நன்றாகவே கேட்கும்.

கடற்கரை என்றால் கணக்கு மாறும்

மோதிரங்கள் அதிகம் தொலைவது கடற்கரையில்தான். தண்ணீரில் விரல் சுருங்கும், சன் கிரீம் வழுக்கும். ஆனால் உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துகிறது. ஈரமான உப்பு மணல் முழுவதுமே கருவிக்குப் பலவீனமான ஒரு உலோகம் மாதிரி தெரியும், அதுவும் மெல்லிய தங்கம் வரும் அதே பகுதியில். ஒற்றை அலைவெண் கருவியை அலை வந்துபோகும் இடத்துக்குக் கொண்டுபோனால் ஓயாமல் கத்தும். சத்தத்தை அடக்க உணர்திறனைக் குறைத்தால் மோதிரமும் சேர்ந்து அடங்கிவிடும். பல அலைவெண் கருவி, ஒவ்வொரு அலைவெண்ணிலும் உப்பு எப்படித் தெரிகிறது என்று ஒப்பிட்டு அதைக் கழித்துவிடுகிறது. கடற்கரைக்குப் போகப்போகிறீர்கள் என்றால் பல அலைவெண் என்பது ஆடம்பரம் இல்லை, அடிப்படைத் தேவை.

பல்ஸ் இண்டக்‌ஷன் என்று இன்னொரு வகை உண்டு. காரெட் ஸீ ஹன்டர் மார்க் 2 அந்த வகை. புலத்தைத் துடிப்பாக அனுப்பி நிறுத்திவிட்டு, உலோகத்தில் மின்னோட்டம் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று கேட்கும். உப்பு நீரில் அது சட்டென்று அடங்கிவிடும், அதனால் உப்பு அதைத் தொந்தரவு செய்யாது. கறுப்பு மணல் உள்ள கடற்கரையிலும் அமைதியாக இருக்கும், நல்ல ஆழம் போகும். ஆனால் ஆணிக்கும் மோதிரத்துக்கும் வித்தியாசம் சொல்லாது. தோண்டச் சலிக்காதவருக்கு நல்ல இரண்டாவது கருவி, முதல் கருவியாக வேண்டாம்.

நான் எதை வாங்கச் சொல்வேன்?

வயல், பூங்கா மட்டும் என்றால் மைன்லேப் வான்குவிஷ் 440 அல்லது 540. பல அலைவெண், எளிய இயக்கம். கட்டுப்பாட்டுப் பெட்டி தண்ணீரில் மூழ்கக்கூடாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். கடற்கரையும் சேர்ந்தால் நோக்டா லெஜண்ட், ஈக்வினாக்ஸ் 700, ஈக்வினாக்ஸ் 900 ஆகிய மூன்றில் ஒன்று. மூன்றும் தண்ணீருக்குள் போகக்கூடியவை. காசும் நகையும் தேடும் ஒருவருக்கு இந்த விலை வட்டம்தான் சரியான இடம் என்பது என் உறுதியான கருத்து. இதற்கு மேலே எக்ஸ்.பி. டியூஸ் 2, மைன்லேப் மேன்டிகோர் இருக்கின்றன. இரண்டும் அருமையான கருவிகள்தான். ஆனால் இரும்புக் குப்பைக்கு நடுவே ஒலியை வைத்துப் பிரித்தறியப் பழகியவருக்குத்தான் அந்தக் கூடுதல் பணம் பலன் தரும்.

காயில் பற்றி: கருவியோடு வருவது பெரும்பாலும் 11 அங்குலம். பெரிய காயில் ஆழம் போகும், ஆனால் அதன் கீழே ஒரே நேரத்தில் மூன்று நான்கு பொருள்கள் இருந்தால் குழம்பும். சிறிய தங்கத்துக்கு 6 அங்குலக் காயில் பெரிய காயிலைவிடக் கூர்மையானது. தொலைந்த கம்மலைப் புல்வெளியில் தேடும்போது 6 அங்குலத்தைத்தான் மாட்ட வேண்டும். கையில் பிடித்துக் குழிக்குள் நீட்டும் சிறு டிடெக்டரான பின்பாயின்டரும், ஹெட்போனும் கட்டாயம். ஆழத்தில் கிடக்கும் தங்கம் கத்தாது, முணுமுணுக்கும். ஸ்பீக்கரில் காற்றுச் சத்தத்தோடு அது கேட்காது.

எரிக் லாஸ் செய்த சரியான காரியம்

இதைத் தேர்வுக்குச் சம்பந்தம் இல்லாததாக நினைக்கக்கூடாது. கருவி வாங்குகிறவர் அதை எங்கே, எந்த உரிமையில் பயன்படுத்தப்போகிறார் என்பதையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். ஹாக்ஸனில் லாஸும் வாட்லிங்கும் குழியை முழுதாக அள்ளவில்லை. கொஞ்சம் எடுத்ததும் நிறுத்திவிட்டு, நில உரிமையாளரான சஃபோக் மாவட்ட நிர்வாகத்துக்கும் போலீசுக்கும் சொன்னார்கள். அடுத்த நாளே தொல்லியலாளர்கள் வந்து தோண்டினார்கள். சில பகுதிகளை மண்ணோடு பாளமாகவே பெயர்த்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார்கள். பெட்டிக்குள் எது எதன் மேல் இருந்தது, எதை வைக்கோலில் பொதிந்தார்கள் என்பதெல்லாம் இன்று தெரிவது அதனால்தான். 1993-இல் 17 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு வெகுமதி கிடைத்தது, லாஸ் அதை வாட்லிங்கோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் கிடைத்தது, அது இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

2015-இல் இங்கிலாந்தின் லெமின்ஸ்டர் ஊர்ப் பக்கம் இரண்டு பேர் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டார்கள். ஆங்கிலோ-சாக்சன், வைக்கிங் காலத்துத் தங்க நகைகளும் சுமார் 300 காசுகளும் கிடைத்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. அவர்கள் சொல்லாமல் விற்றார்கள். 2019-இல் இருவருக்கும் நீண்ட சிறைத்தண்டனை கிடைத்தது. காசுகளில் முப்பது சொச்சம்தான் மீண்டன. மற்றவை போனதோடு அந்தக் காலத்து அரசர்களைப் பற்றி அவை சொல்லியிருக்கக்கூடிய செய்தியும் போய்விட்டது. எனக்கு அதுதான் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 300 ஆண்டுக்கு மேற்பட்ட, பத்தில் ஒரு பங்காவது பொன்னோ வெள்ளியோ உள்ள பொருள் கிடைத்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பொன் அல்லது வெள்ளிக் காசானால் இரண்டு அல்லது அதற்கு மேல் சேர்ந்து கிடைத்திருக்க வேண்டும். தேடத் தொடங்கும் முன்பே நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். இந்தியாவில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த எதுவும் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்குச் சொல்லியாக வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் தேடுவதை நினைத்தும் பார்க்கக்கூடாது. வீட்டுத் தோட்டத்தில் விழுந்த மோதிரத்தைத் தேடுவது வேறு, கோயில் பக்கம் கருவியோடு போவது வேறு.

வாங்கும் முன் ஒரு சோதனை

கடைக்குப் போகும்போது வீட்டிலிருந்து நான்கு பொருள்கள் கொண்டுபோங்கள்: ஒரு மோதிரம், ஒரு மெல்லிய சங்கிலி, ஒரு சிறிய கம்மல், ஒரு கேன் வளையம். உலோகம் இல்லாத தரையில் வைத்து ஒவ்வொன்றின் மேலும் காயிலை ஆட்டச் சொல்லுங்கள். மோதிரமும் கேன் வளையமும் எவ்வளவு நெருக்கமான எண்களில் வருகின்றன என்று கண்ணாலேயே பார்க்கலாம். பிறகு சங்கிலியை உருட்டி ஒரு தடவை, நீட்டி ஒரு தடவை. அடுத்து மோதிரத்தின் பக்கத்தில் ஒரு ஆணியை வைத்து, இரும்பை ஒதுக்கும் வசதியைப் போட்டபோதும் மோதிரம் கேட்கிறதா என்று பாருங்கள். சில கருவிகள் ஆணியை அடக்கும்போது மோதிரத்தையும் சேர்த்து அடக்கிவிடும். காற்றில் செய்யும் இந்தச் சோதனை மண்ணில் கிடைக்கும் ஆழத்தைச் சொல்லாது. ஆனால் இரண்டு கருவிகளை ஒப்பிடுவதற்கு விளம்பரத்தைவிட நம்பகமானது. கம்மலையும் சங்கிலியையும் எது முதலில் கேட்கிறதோ அதை வாங்குங்கள். பணம் மிஞ்சினால் மேல் மாடலுக்குத் தாவாமல், அதே கருவிக்குச் சின்னக் காயிலும் நல்ல பின்பாயின்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்.